கொலம்பஸில் அடிபடுவது எப்படி?

பொருட்காட்சிக்குப் போய் முழுசாகத் திரும்பி வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அவர்கள் டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, எதை எடுத்தாலும் பத்து ரூபாய்க் கடையில் இரண்டு டீ வடிகட்டி வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேரலாம். இது அடிபடப் போகிறவர்களுக்காக எழுதுவது. அடிபடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் அடிபட்டால் எலும்பு போகும், மானம் போகும், கைக்கு எண்பது ரூபாய் மட்டும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது மணிக்கட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்றைக்கும் ஈரத்துண்டைப் பிழிந்தால் கட்டை விரல் பக்கம் சுருக்கென்று இழுக்கும்.

எதில் ஏறுவது

குடை ராட்டினத்தில் அடிபட முடியாது. குதிரை மேல் உட்கார்ந்து நான்கு சுற்று சுற்றினால் அதிகபட்சம் தலை சுற்றும். டிராகன் ரயில் பிள்ளைகளுக்கு. ஜெயன்ட் வீல் நேர் எதிர். அது போட்டால் மொத்தமாகப் போட்டுவிடும். அரைகுறையாக அடிபட்டு நாலு பேரிடம் கதை சொல்ல ஆசைப்படுகிறவருக்கு ஒத்து வராது. டோரா டோரா, பிரேக் டான்ஸ் இரண்டும் பரவாயில்லை. இருந்தாலும் என் சிபாரிசு கொலம்பஸ்தான். இந்தியாவுக்கு என்று கிளம்பி வேறெங்கோ போய் இறங்கியவரின் பெயரை வைத்த கப்பல் அது. அதில் ஏறிவிட்டு, நினைத்த மாதிரி இறங்குவோம் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

கப்பல் எப்படி ஆடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மேலே எஞ்சின் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி நிற்கும் கால்களில் கப்பல் சும்மா தொங்குகிறது, நம் வீட்டு ஊஞ்சல் போல. பெரும்பாலான கப்பல்களில் அடியில் ஒரு டயர் இருக்கும், மோட்டாரோடு. கப்பலின் வயிறு கீழே வரும்போதெல்லாம் டயர் அதில் உரசி ஒரு தள்ளு தள்ளும். நிறுத்துவதும் அதே டயர்தான். கவட்டைக் கால்கள் தரையில் உட்காரும் இடத்தில் மட்டம் சரியாக வருவதற்காகக் கட்டைத் துண்டுகளைச் சொருகியிருப்பார்கள். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால் கட்டை தெரியும், பின் தெரியும், பின் இருக்க வேண்டிய ஓட்டையில் சுற்றிய கம்பியும் சில சமயம் தெரியும். பார்த்தவர்கள் ஏற மாட்டார்கள். எனவே பார்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கென்று பொதுப்பணித்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறை என்று மூன்று துறைகள் இருக்கின்றன. மூன்றின் சான்றிதழும் பத்திரமாக இருக்கும். எங்கே என்று கேட்டால், "ஆபீஸ்ல இருக்கு சார்." ஆபீஸ் எங்கே என்று கேட்டால், "ஓனர் வந்தாத்தான் சார் திறப்பாங்க."

வாசலில் ஒரு போர்டு வைத்திருப்பார்கள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், மது அருந்தியவர்கள் ஏறக் கூடாது. மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல. நாற்பது தாண்டியவர்களில் முதுகுவலி இல்லாத ஒருவரை எனக்குக் காட்டுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே ஊரில் பாதிப் பேருக்கான பொறுப்பு கழிந்துவிடுகிறது.

யார் பக்கத்தில் உட்காருவது

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கொலம்பஸில் நாலு பேருக்கு ஒரே கம்பி. மேலிருந்து இறக்கி மடிமேல் அழுத்துவார்கள். டக் டக் என்று பல் பல்லாக இறங்கும். யாருடைய தொடையிலாவது, அல்லது தொடைக்கு முன்னால் வந்து நிற்கும் வேறு எதிலாவது, இடித்ததும் நின்றுவிடும். அதாவது கம்பி நாலு பேருக்கும் பொது. அளவு மட்டும் ஒருவருடையது. அந்த வரிசையிலேயே பருத்தவர் யாரோ அவருக்குத் தைத்த சட்டையைத்தான் மற்ற மூன்று பேரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் பக்கத்தில் என் சகலை உட்கார்ந்தார். நல்ல மனிதர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பிரிவு. எடை நூற்றைந்து கிலோ; அதை அவர் மறைப்பதும் இல்லை, மறைக்கவும் முடியாது. கம்பி அவர் தொப்பையில் மெத்தென்று இடித்து நின்றது. என் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒரு முழு பலாப்பழத்தை வைக்கலாம்.

கம்பி இறக்கிய பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். காதில் ஒரு கடுக்கன், வாயில் ஹான்ஸ். "தம்பி, எனக்கு லூசா இருக்கே" என்றேன். ஒரு விரலால் கம்பியை ஆட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகாது சார். பயப்படாதீங்க."

இந்த வாக்கியத்தை அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் ஜோடி வாக்கியம் பின்னால் வரும்.

கப்பலின் ஓரத்தில் உட்காருவதா, நடுவிலா என்று கேட்பீர்கள். ஓரத்தில்தான். ஊஞ்சல் ஒரே அளவுதான் சாய்கிறது. ஆனால் ஓரத்தில் இருக்கிறவர் அதிக உயரத்துக்குப் போய்வருகிறார். உச்சியில் கப்பல் ஒரு கணம் நின்று திரும்புமே, அப்போது உடம்பு கனமில்லாமல் போகும். கம்பி சரியாக அழுத்தியிருந்தால் வயிறு மட்டும் கூசும். ஒரு சாண் இடைவெளி இருந்தால் ஆசாமியே எழும்பிவிடுவார். நான் எழும்பினேன். சகலை எழும்பவில்லை. எழும்பினவன் கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினேன். அதற்குள் கப்பல் கீழ்நோக்கிக் கிளம்பி, இருக்கை என்னைத் தேடி வந்து மோதியது. இடது கை கம்பிக்கும் முன்சீட்டுக்கும் நடுவில். கேட்ட சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான்.

கத்துவது எப்படி

கத்திப் பயனில்லை. கொலம்பஸில் எல்லோரும் கத்துகிறார்கள். அதற்குத்தானே காசு கொடுத்து ஏறியிருக்கிறார்கள். "நிறுத்துங்கடா" என்று நான் போட்ட சத்தத்துக்கு, லீவர் பிடித்தவர் முகம் மலர்ந்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். டயருக்கும் ஒரு தள்ளு சேர்த்துக் கொடுத்தார். பின்சீட்டில் கல்லூரிப் பையன்கள் "நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா" என்று என் குரலிலேயே திருப்பிச் சொன்னார்கள். உலகத்தில் வேறெந்தத் தொழிலிலாவது வாடிக்கையாளர் உயிர் போகிற மாதிரி கத்துவதை வியாபாரம் நன்றாக நடப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வார்களா? பல் டாக்டர்கூட கத்தினால் கையை எடுப்பார்.

கீழே நின்று என் மனைவி வீடியோ எடுத்தாள். பிற்பாடு அதுதான் நமக்கு ஆதாரம் என்று நம்பிக்கையோடு போட்டுப் பார்த்தோம். எலும்பு உடைகிற கணம் எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான் சிரித்துக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது. அதற்குள் என் கொழுந்தியாள் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட, நாற்பத்தோரு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை அனுப்பியிருந்தார்கள்.

ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்று ஒரு பெரிய பூங்கா. அங்கே ஒரு ரோலர் கோஸ்டருக்குப் பெயரே ஸ்மைலர், அதாவது சிரிப்பான். 2015 ஜூன் 2-ஆம் தேதி சோதனைக்காக விட்ட காலி வண்டி ஒன்று ஏற முடியாமல் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டது. அதைக் கவனித்த கம்ப்யூட்டர் பின்னால் வந்த வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டது. பொறியாளர்கள் கம்ப்யூட்டருக்குத்தான் கோளாறு என்று எண்ணி, அதை மீறி வண்டியை விட்டார்கள். அதில் 16 பேர். முதல் வரிசையில் இருந்த இளம்பெண்கள் இருவருக்கு ஆளுக்கொரு கால் போயிற்று. மாட்டிக்கொண்டவர்களை இறக்கவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த வருடம் நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 50 லட்சம் பவுண்டு. அங்கே இயந்திரம் தன் வேலையைச் செய்தது. "ஒண்ணும் ஆகாது" என்று முடிவு செய்தது மனிதர்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஒடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஏறியவர்களிடமும் யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் இருப்பார்கள்.

இறங்கிய பிறகு

கப்பல் நின்றது. என் கையைப் பார்த்ததும் பையன் ஓடினான், டாக்டரிடம் அல்ல, மேனேஜரிடம். மேனேஜர் கழுத்தில் துண்டோடு வந்தார். வந்தவர் கையைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார்.

"பயமா இருந்தா ஏன் சார் ஏறுனீங்க?"

ஜோடி வாக்கியம் என்றேனே, இதுதான். ஏறும்வரை பயம் பொய். இறங்கிய பிறகு அது உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய மெய். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் ராட்டினத் தொழிலே ஓடுகிறது.

அவரைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவிலேயே பெரிய நீதிபதி ஒருவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் என்ற பூங்கா. அங்கே ஃபிளாப்பர் என்று ஒரு விளையாட்டு: சாய்வாக மேல்நோக்கி ஓடும் பெல்ட், அதன் மேல் நிற்க வேண்டும், தொப்பென்று விழ வேண்டும். பெயரே அதுதான். ஒரு வாலிபர் தோழியோடு போய், மற்றவர்கள் விழுவதை நின்று பார்த்து, தானும் ஏறி, விழுந்து, முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். பெல்ட் வெடுக்கென்று இழுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். கீழே ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். வழக்கு மேலே போனது. 1929-இல் நீதிபதி கார்டோசோ அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். விழுவதுதான் விளையாட்டு என்று தெரிந்துதானே ஏறினாய், பயந்தவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவர் கருத்து. இன்றும் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். கார்டோசோ ஒரு வாசலைத் திறந்தும் வைத்தார்: ஆபத்து கண்ணுக்குத் தெரியாததாக இருந்தாலோ, காப்பு ஏற்பாடு ஏதாவது செய்துதான் இருப்பார்கள் என்று யாரும் நம்பும் அளவுக்குப் பெரியதாக இருந்தாலோ, கதை வேறு. என் தொடைக்கும் கம்பிக்கும் இடையில் இருந்த ஒரு சாணை அந்த வாசலில்தான் நுழைக்க வேண்டும். துண்டு போட்ட மேனேஜரிடம் கார்டோசோவைப் பற்றி எடுத்துச் சொல்ல அப்போது எனக்குத் தெம்பில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் தொழில் நுட்பம். "டேய், சாருக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துடுங்கடா." எவ்வளவு பெருந்தன்மை என்று நெகிழ்ந்து போனேன். டிக்கெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு எண்பது ரூபாய் கொடுத்தார்கள். லெமன் சோடாக் கடையிலிருந்து ஒரு பாலிதீன் பையில் ஐஸ் வந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. நான் படி இறங்கி முடிப்பதற்குள் கப்பலில் அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

அந்த மேடையில் நான் எப்போதாவது ஏறினேன் என்பதற்கு இருந்த ஒரே காகிதத்தை எண்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எனவே: டிக்கெட்டை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள்; அந்தப் பளபளப்புத் தாளில் அச்சிட்டது சில மாதங்களில் வெளுத்துவிடும். நீர் விளையாட்டுப் பூங்கா என்றால் கையில் கட்டும் பட்டையைக் கத்தரிக்க விடாதீர்கள். பின்பக்கத்தில் "சொந்தப் பொறுப்பில்" என்று இருக்கும் வரியைக் கண்டு நடுங்க வேண்டாம். அந்த வரி அவர்கள் கவனக்குறைவுக்குப் பாவமன்னிப்பு ஆகாது.

என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், "எப்படி அடிபட்டது?" நான் வாய் திறப்பதற்குள் சகலை சொன்னார், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு."

தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துகளில் பாதி பாத்ரூமில்தான் நடக்கின்றன, ஆஸ்பத்திரி ஏட்டின்படி. போலீஸ் கேஸ் என்றால் அலைய விடுவார்கள், வெளியில் தெரிந்தால் சிரிப்பார்கள், இந்த வயதில் என்ன ராட்டினம் என்று பெண்வீட்டார் கேட்பார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் நம் வாயில் முதலில் வருவது பாத்ரூம். அதை அப்படியே பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பின்னால் நீங்கள் எத்தனை சத்தியம் செய்தாலும் ஏடு பாத்ரூம் என்றுதான் சொல்லும். உண்மையைச் சொல்லுங்கள், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டின் காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார், புத்தூர்க் கட்டுப் போட்டால் போதும் என்றார். கட்டு எதுவாகவும் இருக்கட்டும், முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கட்டுக்குத் தேதி கிடையாது, எக்ஸ்ரேவில் தேதி இருக்கும்.

காவல் நிலையத்தில் உங்களுக்கு, புகார் வந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். டீயைக் குடியுங்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம். கவனக்குறைவால் அதை உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவு. "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்களேன்" என்பார்கள். யார் அந்த ரெண்டு பேர் என்று பார்த்தால், நீங்களும் உங்கள் சகலையும்தான் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் நமக்குச் சாதகமான ஒரு விசித்திரம் இருக்கிறது. 2019-ஆம் வருடச் சட்டத்தின்படி, நீங்கள் எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை வைத்து ஆணையமும் கட்டணமும் தீர்மானமாவதில்லை. எவ்வளவு காசு கொடுத்து அந்தச் சேவையை வாங்கினீர்கள் என்பதுதான் கணக்கு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. நான் கொடுத்தது எண்பது ரூபாய். ஆக, மாவட்ட ஆணையம், கட்டணம் பூஜ்யம். வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் ஊரிலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும். கொச்சியில் ஒரு பூங்காவில் 2002 டிசம்பரில் விழுந்து முடங்கிப்போன ஒரு மாணவரின் வழக்கு 2019-இலும் கேரள உயர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அவரால்தான் நிற்க முடியவில்லை.

நானும் வழக்குப் போட்டேன். எதிர்தரப்புக்கு அனுப்பிய நோட்டீஸ் பத்து நாளில் திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இடம் மாறிவிட்டார்." அதுவும் சரிதான். பொருட்காட்சி முடிந்ததும் கப்பலைக் கழற்றி இரண்டு லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு கடற்படையே என்னிடமிருந்து தப்பிய மாதிரி இருந்தது.

மாசி மாதம் பக்கத்து மாவட்டத்தில் அம்மன் கோயில் திருவிழா. அங்கே ஒரு கப்பல் வந்திருப்பதாகச் சகலைதான் பஸ் டிப்போவில் விசாரித்துச் சொன்னார். போனோம். கப்பலுக்குப் புதிதாக நீல பெயின்ட். முகப்பில் டைட்டானிக் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது ஓரம், கடைசி வரிசைக்கு முந்தினது; முன்சீட்டின் முதுகில் என் வாட்ச் பதிந்த இடத்தில் சின்னப் பள்ளம். பெயின்ட் அதற்குள்ளும் இறங்கியிருந்தது.

போட்டோ எடுக்க மேடைமேல் ஏற வேண்டும். ஏற டிக்கெட் வேண்டும். நூறு ரூபாய் ஆக்கியிருந்தார்கள். வாங்கி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்துக்கொண்டேன். கடுக்கன் போட்ட பையனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டு அவிழ்த்த கையைப் பையில் விட்டுக்கொண்டு நான் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, சங்கிலியை விலக்கினான்.

"ஓரத்துல உக்காருங்க சார். அங்கதான் நல்லா இருக்கும்."

பின்னால் சகலை மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்.